சுக்கோத் என்னும் கூடாரப் பண்டிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவிலியம் வாசிக்கும் நண்பர்களும், யூதர்கள் மிகுதியாக வாழும் ஊர்களுக்கு வேலைக்குச் சென்று திரும்பியவர்களும் இந்தப் பண்டிகையைப் பற்றி என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றை அவர்கள் கேட்ட வாசகங்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் மரபுவழி யூதர்களின் நடைமுறையை அடிப்படையாகக் கொண்டவை. சீர்திருத்தப் பிரிவினர் இவற்றுள் சிலவற்றைத் தளர்த்திக் கடைப்பிடிக்கிறார்கள்.

சுக்கோத் என்பது என்ன பண்டிகை? எத்தனை நாள் நடக்கும்?

எபிரேய நாட்காட்டியில் திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாள் நடக்கும் பண்டிகை இது. இந்த ஏழு நாளும் யூதர்கள் வீட்டுக்கு வெளியே தழை வேய்ந்த ஒரு தற்காலிகக் குடிலை அமைத்து, அதையே தங்கள் இல்லமாகக் கொள்கிறார்கள். அந்தக் குடிலுக்கு சுக்கா என்று பெயர். பஸ்கா, ஷாவுவோத், சுக்கோத் ஆகிய மூன்றும், பழங்காலத்தில் மக்கள் எருசலேமுக்குப் பயணமாகச் சென்று கொண்டாடிய பண்டிகைகள்.

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் திஷ்ரி 10ஆம் நாள் வருகிறது. உணவும் நீருமின்றி நோன்பிருந்த அந்த நாள் முடிந்த இரவிலேயே குடிலின் முதல் கம்பை நட்டுவிடுவது பலருடைய வழக்கம். இஸ்ரேலில் முதல் நாளும், வெளிநாடுகளில் முதல் இரண்டு நாளும் வேலை செய்யாத முழு விடுமுறை நாள்கள். இடைப்பட்ட நாள்களில் கட்டுப்பாடு குறைவு. ஏழு நாளுக்குப் பின் எட்டாம் நாள் ஒன்று உண்டு. அதைப் பற்றித் தனியே சொல்கிறேன்.

தமிழ் பைபிளில் வரும் கூடாரப்பண்டிகையும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றுதான். லேவியராகமம் 23ஆம் அதிகாரம் குடில்களில் தங்குவதையும் நான்கு தாவரங்களை எடுப்பதையும் கட்டளையிடுகிறது. யாத்திராகமம் இதையே விளைச்சலைச் சேர்க்கும் பண்டிகையாகக் குறிப்பிடுகிறது. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பிய மக்கள் ஒலிவம், மிருதுச் செடி, பேரீச்சம் கிளைகளைக் கொண்டுவந்து வீட்டு மாடிகளிலும் முற்றங்களிலும் எருசலேமின் வாயில் வீதிகளிலும் குடில் கட்டியதை நெகேமியா 8ஆம் அதிகாரம் விவரிக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறுகிறதே, ஏன்?

எபிரேய நாட்காட்டியில் தேதி மாறுவதில்லை. எப்போதும் திஷ்ரி 15தான், அதாவது முழுநிலவு நாள். அந்த நாட்காட்டியின் மாதங்கள் நிலவைப் பின்பற்றுகின்றன. ஆனால் பண்டிகைகள் பருவத்தை விட்டு விலகிவிடக்கூடாது என்பதால் 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். எனவே சுக்கோத் செப்டம்பர் பிற்பகுதிக்கும் அக்டோபர் பிற்பகுதிக்கும் இடையே நகர்ந்துகொண்டிருக்கும். 2025இல் அக்டோபர் 6 மாலை தொடங்கியது. 2026இல் செப்டம்பர் 25 மாலை தொடங்குகிறது. யூத நாள் சூரிய மறைவில் தொடங்குவதால் மாலை என்று குறிப்பிடுகிறேன்.

எகிப்திலிருந்து வெளியேறியது வசந்த காலத்தில். அப்படியானால் கூடாரத்தை ஏன் இலையுதிர் காலத்தில் கட்டுகிறார்கள்?

என்னிடம் வந்த கேள்விகளில் மிகச் சிறந்ததாக நான் கருதுவது இதுதான். எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர் பாலைவனத்தில் குடில்களில் தங்க வைக்கப்பட்டதை நினைவுகூரவே இந்தக் கட்டளை என்று லேவியராகமம் காரணம் சொல்கிறது. புறப்பாடு வசந்த மாதமான நிசான் 15இல் நடந்தது. சுக்கோத் வருவதோ சரியாக ஆறு மாதம் கழித்து. 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த ரபி (யூத சமய ஆசிரியர்) யாக்கோவ் பென் ஆஷெர் இதற்கு ஒரு விடை சொன்னார். வெயில் காலத்தில் நிழலுக்காக எல்லோரும் பந்தல் போடுவார்கள்; குளிரும் மழையும் நெருங்கி மற்றவர்கள் வீட்டுக்குள் திரும்பும் நேரத்தில் ஒருவன் வெளியே வந்து அமர்ந்தால்தான் அவன் கட்டளைக்காக அமர்கிறான் என்பது தெரியும்.

எனக்கு இன்னும் ஆழமாகப் படுவது, 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த விவிலிய உரையாசிரியர் ரஷ்பாம் தந்த விளக்கம். தானியமும் திராட்சையும் வீடு வந்து சேர்ந்து, களஞ்சியம் நிறைந்து, ‘என் கையின் வலிமைதான் இதையெல்லாம் ஈட்டியது’ என்று மனிதன் எண்ணத் தொடங்கும் நேரம் அது. அந்த நேரத்தில்தான் அவன் தன் உறுதியான வீட்டை விட்டு வெளியேறி, நிலமோ வீடோ இல்லாமல் முன்னோர் அலைந்த நாள்களை நினைக்க வேண்டும் என்கிறார் அவர். இந்த விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், குடிலைப் பற்றிய நுணுக்கமான விதிகள் பலவற்றுக்கும் பொருள் விளங்கிவிடுகிறது.

முன்னோர் தங்கிய அந்தக் குடில்கள் எவை என்பதில், யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தால்முத்திலேயே இரு கருத்துகள் உண்டு. உண்மையான குடில்களே என்பது ஒன்று. மக்களைச் சூழ்ந்து காத்த இறைவனின் மகிமை மேகங்கள் என்பது மற்றொன்று.

சுக்காவை எப்படிக் கட்ட வேண்டும்? தார்ப்பாய் போட்டால் போதாதா?

சுவருக்குத் தார்ப்பாய் போதும், கூரைக்குக் கூடாது. சுவர் மரமாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், காற்றில் படபடக்காமல் இழுத்துக் கட்டிய துணியாகவும் இருக்கலாம். இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் ஒரு பகுதியும் இருந்தால் சட்டத்தின் குறைந்தபட்சம் நிறைவேறும். யானையைக் கட்டி நிறுத்தி அதையே ஒரு சுவராகக் கொள்ளலாமா என்றுகூட தால்முத் விவாதிக்கிறது.

கூரைதான் சுக்காவின் உயிர். ஸ்காக் எனப்படும் அந்த வேய்வு மண்ணில் விளைந்ததாகவும், வேரிலிருந்து வெட்டப்பட்டதாகவும், பாத்திரமோ கருவியோ ஆகாததாகவும் இருக்க வேண்டும். பேரீச்ச ஓலை, மூங்கில், வெட்டிய கிளைகள் ஆகியவை ஏற்கத்தக்கவை. தகரமும் பிளாஸ்டிக்கும் ஏற்கத்தக்கவை அல்ல. உயிருள்ள மரத்தின் நிழலிலோ வேறொரு கூரையின் கீழோ கட்டினால் அது சுக்கா ஆகாது. உள்ளே விழும் வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். அதே நேரம் இரவில் இடுக்கு வழியே விண்மீன்கள் தெரிவது சிறப்பு.

உயரம் சுமார் 80 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. 20 முழத்துக்கு, அதாவது ஏறத்தாழ 10 மீட்டருக்கு, மேல் போகவும் கூடாது. அவ்வளவு உயரத்தில் உள்ள கூரை உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் படாது என்பது தால்முத் சொல்லும் காரணங்களில் ஒன்று. மேலே இருப்பது தழைதான் என்பதை அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

மேலே திறந்த வானம் இருக்க வேண்டும் என்ற விதியால், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பால்கனிகள் பயன்படுவதில்லை. எருசலேமிலும் பிற இஸ்ரேலிய நகரங்களிலும் பல கட்டடங்களின் பால்கனிகள் மாடிக்கு மாடி விலகி, ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழாதபடி கட்டப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. அந்த வசதி இல்லாதவர்கள் மொட்டை மாடியிலோ கட்டடத்தின் முற்றத்திலோ பொதுவாக ஒரு குடில் அமைப்பார்கள். அல்லது ஜெப ஆலயத்தின் சுக்காவுக்குச் செல்வார்கள்.

குடிலுக்குள் என்னென்ன செய்ய வேண்டும்? எல்லோரும் அங்கேயே தூங்க வேண்டுமா?

வீட்டில் எப்படி வாழ்வோமோ அப்படியே சுக்காவில் வாழ வேண்டும் என்பது பொது விதி. நல்ல விரிப்புகளையும் நல்ல பாத்திரங்களையும் குடிலுக்குக் கொண்டுவந்து அலங்கரிக்கிறார்கள். ரொட்டியோடு கூடிய உணவை அதற்குள்தான் உண்ண வேண்டும். பழம், தண்ணீர் போன்றவற்றை வெளியே உண்ணலாம், பருகலாம். ஆனாலும் அவற்றைக்கூட உள்ளேயே வைத்துக்கொள்ளும் கண்டிப்பானவர்கள் உண்டு. முதல் நாள் இரவு ஓர் ஒலிவக் கனியளவு ரொட்டியேனும் சுக்காவில் உண்பது கடமை. மற்ற நாள்களில், உண்பதானால் அங்கே உண்ண வேண்டும் என்பதே விதி.

உறக்கமும் சட்டப்படி அங்கேதான். ஆனால் குளிர்நாடுகளில் வாழ்ந்த ஐரோப்பிய யூதர்களிடையே வெளியே உறங்காத வழக்கம் பரவிவிட்டது. இஸ்ரேலில் பலர் இன்றும் குடிலில் உறங்குகிறார்கள். குறிப்பிட்ட காலத்தோடு பிணைந்த கட்டளை என்பதால் பெண்களுக்கு இது கட்டாயமில்லை. ஆயினும் நடைமுறையில் குடும்பமாகவே அமர்ந்து உண்கிறார்கள்.

மழை பெய்தால்? நனைந்துகொண்டே உட்கார வேண்டுமா?

வேண்டியதில்லை. கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு மழை விழுந்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்கிறது தால்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா. குளிரோ பூச்சியோ நாற்றமோ ஒருவரைத் துன்புறுத்தினாலும் அவருக்கு விலக்கு உண்டு. விலக்கு கிடைத்த பின்னும் பிடிவாதமாக அங்கேயே இருப்பவரை சட்டநூல்கள் பாராட்டவில்லை. அறியாதவர் என்றே சொல்கின்றன. முதல் இரவில் மட்டும் சிலர் மழையிலும் ஒரு வாய் ரொட்டியைக் குடிலில் உண்டுவிட்டு உள்ளே செல்வார்கள்.

எனினும் அந்த நாள்களில் பெய்யும் மழையை மகிழ்ச்சிக்குரியதாக மிஷ்னா பார்க்கவில்லை. எசமானுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க வந்த பணியாளின் முகத்திலேயே எசமான் அதைக் கொட்டிவிட்டது போன்றது அது என்று உவமை சொல்கிறது. கொடுத்த பணியை ஏற்க மனமில்லை என்று இறைவன் திருப்பியனுப்புவதாக அதற்குப் பொருள்.

கையில் வைத்து ஆட்டும் ஓலையும் பழமும் என்ன?

அவை நான்கு தாவரங்கள். நாரத்தை இனத்தைச் சேர்ந்த எத்ரோக் கனி ஒன்று. இன்னும் விரியாத பேரீச்சங் குருத்தோலையான லுலாவ் ஒன்று. மணமுள்ள ஹதாஸ், அதாவது மிருதுச் செடியின் கிளைகள் மூன்று. நீரோரம் வளரும் வில்லோ மரத்தின் கிளைகள் இரண்டு. பின்னிரண்டையும் ஓலையோடு சேர்த்துக் கட்டி வலக்கையிலும், கனியை இடக்கையிலும் பிடித்து, ஆசிமொழி சொல்லி, நான்கு திசைகளிலும் மேலும் கீழுமாக அசைப்பார்கள். ஓய்வுநாளான சனிக்கிழமையில் இதைச் செய்வதில்லை. எனவே 2026இல் முதல் நாளில் இது நடைபெறாது.

எருசலேம் ஆலயத்தில் ஏழு நாளும், மற்ற ஊர்களில் முதல் நாள் மட்டுமே இது செய்யப்பட்டது. கி.பி. 70இல் ஆலயம் அழிந்த பிறகு அதன் நினைவாக எல்லா ஊரிலும் ஏழு நாளும் செய்ய வேண்டும் என்று ரபான் யோஹனான் பென் ஸக்காய் விதித்தார். ரோமருக்கு எதிரான கிளர்ச்சியை 132 முதல் 135 வரை நடத்திய பார் கோக்பா, போர்க்களத்து நெருக்கடிக்கு நடுவிலும் தன் முகாமில் இருந்தோருக்காகக் கழுதைகளை அனுப்பி இந்த நான்கையும் தருவித்தான். அந்தக் கடிதம் யூதேயப் பாலைவனக் குகையொன்றில் தொல்லியலாளர் யிகாயேல் யாதீன் நடத்திய அகழாய்வில் கிடைத்தது.

இது மரத்தையும் கனியையும் வணங்குவது ஆகாதா?

ஆகாது. தாவரங்களை நோக்கி எந்த வேண்டுதலும் செய்யப்படுவதில்லை. அவற்றைக் கையில் ஏந்தி இறைவனை நோக்கிப் பாடுகிறார்கள். நீரின்றி இந்த நான்கும் வாழ முடியாதது போல உலகமும் நீரின்றி வாழ முடியாது என்பதால், மழைக்கான மன்றாட்டின் துணையாக இவை வருகின்றன என்று ரபி எலியேசர் தால்முத்தில் விளக்குகிறார்.

பரவலாகச் சொல்லப்படும் மற்றொரு விளக்கம் மித்ராஷ் எனப்படும் பழைய விவிலிய விளக்கத் தொகுப்பில் உள்ளது. எத்ரோக்குக்குச் சுவையும் மணமும் உண்டு. பேரீச்சைக்குச் சுவை மட்டும். மிருதுச் செடிக்கு மணம் மட்டும். வில்லோவுக்கு இரண்டும் இல்லை. சுவை என்பது கல்வி, மணம் என்பது நற்செயல். இரண்டும் இல்லாதவரையும் விட்டுவிடாமல் எல்லோரையும் சேர்த்துக் கட்டினால்தான் சமூகம் நிற்கும் என்கிறது அது. சட்டமும் இதற்கு இசைவாகவே இருக்கிறது: வில்லோ குறைந்தால் மற்ற மூன்றும் எவ்வளவு அழகாக இருந்தாலும் கட்டளை நிறைவேறாது.

ஒரு பழத்துக்கு ஏன் அவ்வளவு விலை கொடுக்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிச் செய்தால் ஆகாதா?

எத்ரோக் வடுவின்றி, வடிவம் கெடாமல், காம்பு முறியாமல் இருக்க வேண்டும். எலுமிச்சையோடு ஒட்டுக்கட்டிய மரத்தின் கனியை ஏற்பதில்லை. ஆகவே தூய இனமாக வளர்க்கப்படும் இத்தாலியின் கலாப்ரியா, மொரோக்கோ போன்ற இடங்களின் கனிகளை இஸ்ரேலியக் கனிகளோடு சேர்த்துத் தேடி வாங்குகிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்குபவரைச் சந்தையில் காணலாம். ஆயினும் சட்டப்படி செல்லும் எளிய கனி மலிவாகவே கிடைக்கும். கடன்பட்டு வாங்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

முதல் நாளில் அது ஒருவருக்குச் சொந்தமாகவே இருக்க வேண்டும், இரவல் செல்லாது. ஆனால் திருப்பித் தரும் நிபந்தனையோடு அன்பளிப்பாகத் தரலாம். ரபான் கமாலியேலும் மூன்று அறிஞர்களும் கப்பலில் சென்றபோது அவரிடம் மட்டுமே, 1,000 சூஸ் வெள்ளிக்காசு கொடுத்து வாங்கிய லுலாவ் இருந்தது. அவர் கடமையை முடித்து ரபி யோசுவாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவர் ரபி எலெயாசருக்கும், எலெயாசர் ரபி அக்கிவாவுக்கும் கொடுக்க, அக்கிவா மீண்டும் கமாலியேலிடம் சேர்த்தார் என்று தால்முத் பதிவு செய்கிறது.

இது நோன்பா, விருந்தா?

விருந்து. உபாகமம் 16ஆம் அதிகாரம் இந்தப் பண்டிகையில் மகிழ்ந்திருக்கும்படி வெளிப்படையாகக் கட்டளையிடுகிறது. ஜெபங்களில் இதற்கு ‘நம் மகிழ்ச்சியின் காலம்’ என்றே பெயர். பஸ்காவுக்குப் புளிப்பில்லா அப்பம் போல இதற்கென விதிக்கப்பட்ட உணவு ஏதும் இல்லை. விளைச்சலின் நிறைவைக் குறிக்க, உள்ளே பூரணம் வைத்த காய்களையும் முட்டைக்கோசுச் சுருள்களையும் பலர் சமைக்கிறார்கள்.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. உபாகமம் மகிழ வேண்டியவர்களைக் குறிப்பிடும்போது பிள்ளைகளோடு வேலைக்காரரையும், அந்நியரையும், திக்கற்றவரையும், விதவையையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. வாசலைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்டு, ஏழைகளுக்கு ஒன்றும் கொடாதவனுடைய மகிழ்ச்சி கட்டளையின் மகிழ்ச்சி அல்ல, அது அவன் வயிற்றின் மகிழ்ச்சி என்று 12ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் கடுமையாக எழுதினார். கபாலா என்னும் யூத மறைஞான மரபினர் ஒவ்வொரு நாளும் ஆபிரகாம் முதல் தாவீது வரை ஏழு முன்னோரில் ஒருவரைக் குடிலுக்கு விருந்தினராக அழைக்கும் வழக்கத்திலும் இதே கருத்து இருக்கிறது. அந்த முன்னோருக்குரிய பங்கு ஏழைக்குச் சேர வேண்டும்.

எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் எப்படிக் கொண்டாடினார்கள்?

வேறெப்போதும் பலிபீடத்தில் திராட்சரசமே ஊற்றப்படும். சுக்கோத்தில் மட்டும் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் எடுத்த தண்ணீரும் சேர்த்து ஊற்றப்பட்டது. அதையொட்டிய இரவுக் கொண்டாட்டத்தைக் காணாதவன் தன் வாழ்நாளில் மகிழ்ச்சியையே கண்டதில்லை என்கிறது மிஷ்னா. பொன் விளக்குத் தண்டுகளில் ஆசாரியரின் பழைய உடைகளைக் கிழித்துத் திரியாக்கி ஏற்றினார்கள். அந்த ஒளி எட்டாத முற்றம் எருசலேமில் இல்லை. லேவியர் பதினைந்து படிகளில் நின்று இசைக்க, பெரியோர்கள் தீப்பந்தம் ஏந்தி ஆடினார்கள். யோவான் 7ஆம் அதிகாரத்தில் இயேசு பண்டிகையின் கடைசி நாளில் தாகமாயிருப்பவரை அழைத்து ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசுவதை இந்த நீர்ச் சடங்கின் பின்னணியில் வாசித்தால் அது ஏன் அங்கே, அன்று சொல்லப்பட்டது என்பது தெளிவாகும்.

எல்லா ஆண்டும் அமைதியாகக் கழியவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் அரசனும் தலைமை ஆசாரியனுமாக இருந்த அலெக்சாந்தர் யன்னேயுவை மக்கள் இந்தப் பண்டிகையில் எத்ரோக் கனிகளால் அடித்தார்கள் என்று பழங்கால யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதுகிறார்.

மழைக்காகத்தான் இத்தனையும் என்றால், முதல் நாளிலேயே மழை கேட்டுவிடலாமே?

கேட்டால் குடிலில் அமர முடியாது. மேலே மழை பற்றிய கேள்வியில் சொன்ன உவமையை நினைவில் கொள்ளுங்கள். இஸ்ரேல் நாட்டில் கோடை முழுவதும் மழை இல்லை. மழைக்காலம் இந்தப் பண்டிகையை ஒட்டித் தொடங்குகிறது. ஆண்டின் நீருக்கான தீர்ப்பு சுக்கோத்தில் வழங்கப்படுகிறது என்பது மிஷ்னாவின் கூற்று. ஆயினும் மழையைப் போற்றும் ஜெபத்தை எட்டாம் நாளில்தான் தொடங்குகிறார்கள்.

நேரடியாக ‘மழை தா’ என்று கேட்பதை இஸ்ரேலில் அடுத்த மாதமான மர்ஹெஷ்வான் 7ஆம் நாள் வரை தள்ளிவைக்கிறார்கள். பண்டிகைக்கு வந்த கடைசிப் பயணி நனையாமல் யூப்ரடீஸ் ஆற்றை அடைய வேண்டும் என்பதற்காக 15 நாள் அவகாசம் கொடுத்தார் ரபான் கமாலியேல். ஆலயமும் பயணிகளும் இல்லாமற்போன பின்பும் அந்தத் தேதி மாறவில்லை. தொலைதூர வழிப்போக்கன் ஒருவனுக்காக ஒரு நாடே தன் மழையைக் காத்திருக்கச் சொன்ன இந்த விதி என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது.

ஏழாம் நாள் கிளைகளைத் தரையில் அடிக்கிறார்களே, எட்டாம் நாளும் சுக்கோத்தைச் சேர்ந்ததா?

ஏழாம் நாள் ஹோஷனா ரப்பா. அன்று நான்கு தாவரங்களோடு ஜெப ஆலய மேடையை ஏழுமுறை வலம்வந்து, மீட்பு வேண்டும் பாடல்களைப் பாடி, வில்லோக் கிளைகளைத் தரையில் அடிப்பார்கள். எட்டாம் நாளான ஷெமினி அட்ஸெரெத் தனிப் பண்டிகை. அதற்கு லுலாவ் இல்லை.

எட்டாம் நாளோடு இணைந்தது சிம்ஹத் தோரா. இஸ்ரேலில் அதே நாளிலும் வெளிநாடுகளில் மறுநாளும் வரும். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவை ஆண்டு முழுவதும் பகுதி பகுதியாக வாசித்து, அதை உபாகமத்தின் கடைசி அதிகாரத்தோடு முடித்து, உடனேயே ஆதியாகமத்தைத் தொடங்குகிறார்கள். சுருள்களை ஏந்தி ஆடிப்பாடி ஏழுமுறை வலம்வருவார்கள். 2023 அக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸின் தாக்குதல் நடந்தது இஸ்ரேலில் இந்தப் பண்டிகை நாளில்தான். அதன் பின் பல சமூகங்களில் இந்த ஆட்டத்தோடு துக்க நினைவும் சேர்ந்துகொண்டது.

நம் பக்கத்தில் இதைக் கொண்டாடியவர்கள் உண்டா?

கொச்சி யூதர்கள் கொண்டாடினார்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் உட்பட அவர்களின் ஆலயங்களில் சிம்ஹத் தோரா மிகப் பெரிய விழா. சுருள்களை உள்ளே மட்டுமன்றி, பிற்பகலில் ஆலயத்துக்கு வெளியேயும் ஏந்தி வலம்வருவது அவர்களுக்கே உரிய வழக்கம். அவர்களின் பெண்கள் மலையாளத்தில் பாடிய யூதப் பாடல்கள் தனிச் செல்வம். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, நெவாத்திம் போன்ற வேளாண் குடியிருப்புகளில் தங்கள் வழக்கங்களைத் தொடர்ந்தார்கள்.

யூதர் அல்லாதவர் சுக்காவுக்குள் போகலாமா?

அழைக்கப்பட்டால் தாராளமாகப் போகலாம். விருந்தினரை வரவேற்பது இந்தப் பண்டிகையின் இயல்பு. ஆலய காலத்தில் ஏழு நாளில் 13, 12 எனக் குறைந்துகொண்டே வந்து மொத்தம் 70 காளைகள் பலியிடப்பட்டன. அவை உலகின் 70 இனங்களுக்காக என்று தால்முத் விளக்குகிறது. எல்லா இனத்தாரும் கூடாரப்பண்டிகைக்கு எருசலேம் வருவார்கள் என்பது சகரியா 14ஆம் அதிகாரத்தின் கனவு. ‘ஹக் சமேயாஹ்’, அதாவது மகிழ்ச்சியான பண்டிகை, என்று வாழ்த்துங்கள். முழு விடுமுறை நாளில் படம் எடுப்பதைத் தவிருங்கள். உணவுச் சட்டம் கண்டிப்பானது என்பதால் வீட்டில் சமைத்ததைக் கொண்டு செல்லாமல் இருப்பது நல்லது.

முடிந்ததும் இவற்றையெல்லாம் என்ன செய்வார்கள்?

குடிலைப் பிரித்துக் கம்புகளை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைப்பார்கள். எத்ரோக்கை ஜாம் ஆக்குவார்கள். அல்லது கிராம்பைக் குத்தி, ஓய்வுநாள் முடிவில் முகரும் நறுமணப் பொருளாக வைத்துக்கொள்வார்கள். கட்டளைக்குப் பயன்பட்ட பொருளைக் குப்பையில் எறிய மனமில்லாதவர்கள் காய்ந்த லுலாவை ஆறு மாதம் பாதுகாத்து, பஸ்காவுக்கு முந்தைய காலையில் வீட்டிலுள்ள புளித்த ரொட்டித் துண்டுகளை எரிக்கும் நெருப்புக்கு விறகாக்குவார்கள்.